2024 திருத்த விதிகளும் நம் ஊர் ஆட்டக்குழுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கூடும் எங்கள் ஆட்டக்குழுவில் ஆண்டு முழுவதும் ஊரிலேயே இருப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வேறு குழுக்களுடன், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை ஆடுகிறவர்கள்; படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது ஏதாவது ஒரு வீட்டின் முகப்பில் எங்களோடு வந்து உட்காருவார்கள். இப்போது ஒருவர் 2014 விதிப்படி எழுதிய கேரக்டர் ஷீட்டுடன் (தம் பாத்திரத்தின் விவரத்தாள்) வருகிறார், பக்கத்தில் இருப்பவர் 2024 விதிப்படி எழுதியதுடன் வருகிறார். ஆட்டம் தொடங்குவதற்குள் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால், புதிதாகச் சேருபவர்களுக்கும் விடுமுறைக்கு வருபவர்களுக்கும் உதவும் என்று விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகளின் விவரம் அச்சிட்ட புத்தகங்களில் உள்ளபடி. அவற்றைப் பற்றிய தீர்ப்புகள் என்னுடையவை, ஏற்காமல் வாதாடலாம்.

எந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு முதன்முதலில் 1974-இல் வெளிவந்தது. இன்று பரவலாக ஆடப்படும் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. விளையாட்டின் ஐம்பதாம் ஆண்டில், பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படைப் புத்தகங்களையும் திருத்தி எழுதி வெளியிடத் தொடங்கியது. ஆட்டக்காரர்களுக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பர் 17-ஆம் தேதியும், ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதியும், அரக்கர்களின் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரி 18-ஆம் தேதியும் வந்தன. இந்தப் பக்கத்தில் ‘பழைய விதி’ என்றால் 2014, ‘புதிய விதி’ என்றால் 2024 என்று கொள்ளவும்.

அப்படியானால் இது ஆறாம் பதிப்பா?

இல்லை என்று பதிப்பாளர் சொல்கிறார். ஆம் என்று சொல்லும் ஆட்டக்காரர்களும் உண்டு. மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்து, மூன்றே ஆண்டுகளில் ‘மூன்றரை’ என்ற பெயரில் திருத்தி வெளியானதை நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் ‘ஐந்தரை’ என்றே அழைக்கிறார்கள், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இருபது முகப் பகடையை உருட்டி, உரிய எண்ணைக் கூட்டி, இலக்கைத் தொடுகிறதா என்று பார்க்கும் அடிப்படை அப்படியே இருக்கிறது. 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது ஏற்பட்ட அளவுக்கு ஆட்டத்தின் எலும்புக்கூடே மாறிவிடவில்லை. ஆனால் எலும்பின் மேல் உள்ள சதை பல இடங்களில் மாறியிருக்கிறது, சண்டை அங்கேதான் நடக்கிறது.

ஆட்டக்காரர்களைக் கேட்டுத்தான் விதிகளை மாற்றினார்களா?

கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் தொடங்கி வரைவு விதிகளைப் பகுதி பகுதியாக இலவசமாக வெளியிட்டு, ஆடிப் பார்த்தவர்களிடம் கருத்துக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். எதிர்ப்பு வலுத்த இடங்களில் பின்வாங்கவும் செய்தார்கள். விலங்காக உருமாறும் ட்ரூயிடுக்குத் தனித்தனி விலங்கின் விவரங்களுக்குப் பதிலாகப் பொதுவான வார்ப்புகளைத் தர ஒரு வரைவில் முயன்றார்கள். காட்டுக்குள் ஓடுவது புலியா கரடியா என்பதே பொருளற்றுப் போகிறது என்று ஆட்டக்காரர்கள் சொன்னதால் அது கைவிடப்பட்டது. வார்லாக் என்ற மந்திரவாதியின் மந்திர ஸ்லாட் (ஒரு மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) முறையை, பாதி மந்திரமும் பாதி ஆயுதமுமாக ஆடும் ‘அரை மந்திரவாதிகளை’ப் போல மாற்றிய வரைவும் அவ்வாறே திரும்பப் பெறப்பட்டது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று கணக்கெடுத்தால் துணிச்சலான மாற்றங்கள்தான் முதலில் அடிபடும், பழகிய வடிவமே தப்பிப் பிழைக்கும். திருத்தம் போதவில்லை என்று குறைப்படுவோரும் திருத்தம் மிகுதி என்று குறைப்படுவோரும் ஒரே அறையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புத்தகம் வருவதற்கு முன்பே பலர் கசந்திருந்தது ஏன்?

அந்தக் கசப்பில் விதிகளுக்குப் பங்கு மிகக் குறைவு. பிறர் இந்த விளையாட்டுக்கான புத்தகங்களை எழுதி விற்க 2000-ஆம் ஆண்டு முதல் வழிசெய்துவந்த திறந்த உரிமத்தைக் கடுமையான நிபந்தனைகளுடன் மாற்றும் வரைவு ஒன்று 2023 ஜனவரியில் கசிந்தது. எழுந்த எதிர்ப்பின் விளைவாக, அதே மாதம் 27-ஆம் தேதி பதிப்பாளர் பின்வாங்கி, 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார். அடுத்ததாக 2024 ஆகஸ்டில், அவர்களுடைய மின்னணுக் கருவியில் உள்ள கேரக்டர் ஷீட்டுகளில் பழைய மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதிய வடிவத்துக்கு மாற்றப்படும் என்று அறிவித்து, காசு கொடுத்து வாங்கியதை எங்களைக் கேட்காமல் எப்படி மாற்றலாம் என்ற கேள்வி எழுந்ததும் சில நாள்களிலேயே அந்த முடிவை விலக்கிக்கொண்டார்கள்.

ஆகவே, ஒருவர் புதிய விதியைத் திட்டும்போது அவர் திட்டுவது விதியையா, வெளியிட்டவரையா என்று பிரித்துக் கேட்பது நல்லது. எங்கள் குழுவில் இரண்டு வகையினரும் உண்டு. முன்னவரோடு ஆடிப் பார்த்து முடிவு செய்யலாம். பின்னவர் சொல்வது கொள்கை, பகடையை உருட்டி அதைத் தீர்க்க முடியாது.

புதிய விதிகளால் அதிகம் மகிழ்ந்தவர்கள் யார்?

ஆயுதம் ஏந்துபவர்கள். ஃபைட்டர், பார்பேரியன், பலாடின், ரேஞ்சர், ரோக் ஆகிய ஐந்து கிளாஸ்களுக்கும் (பாத்திரத்தின் தொழில் வகைகள்) முதல் லெவலிலேயே (பாத்திரம் வளரும் படி) ‘வெப்பன் மாஸ்டரி’ கிடைக்கிறது. மொத்தம் எட்டுத் தன்மைகள். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒன்று. லாங்ஸ்வோர்டால் அடிபட்ட எதிரியின் அடுத்த தாக்குதல் பலவீனமாகும், வார்ஹேமர் எதிரியைப் பின்னுக்குத் தள்ளும், கிரேட்ஸ்வோர்ட் குறி தவறினாலும் சிறிது சேதம் விளைவிக்கும், லாங்போ பட்டவரின் வேகத்தைக் குறைக்கும். பழைய விதியில் ஃபைட்டரின் முறை வரும்போது அவர் “அடிக்கிறேன்” என்று சொல்லி பகடையை உருட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மந்திரவாதியோ தமக்கு முன் விரிந்து கிடக்கும் பத்து வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார். இப்போது எந்த ஆயுதத்தை எப்போது எடுப்பது என்பதே ஒரு யோசனையாகிவிட்டது.

சண்டைக்கு வெளியேயும் ஃபைட்டருக்கு வழி திறந்திருக்கிறது. தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ‘செகண்ட் விண்ட்’ என்ற ஆற்றலின் ஒரு பயன்பாட்டைச் செலவிட்டு, தோற்றுப்போன திறன் சோதனையில் ஒரு பத்து முகப் பகடையைக் கூட்டிக்கொள்ள இரண்டாம் லெவலிலிருந்து அனுமதி உண்டு. சுவரேறவோ காவலாளியிடம் பேசிச் சமாளிக்கவோ முயலும்போது இது கைகொடுக்கிறது.

மாங்க் ஆடுகிறவர்களின் மகிழ்ச்சி இவர்களுடையதை விடப் பெரிது. வெறுங்கையால் அடிக்கும் சேதத்துக்கு நான்கு முகப் பகடையில் தொடங்கிய கிளாஸ் இப்போது ஆறு முகப் பகடையில் தொடங்குகிறது. அம்பை மட்டும் தடுத்துக்கொண்டிருந்த கை, நேருக்கு நேர் வரும் வாள்வீச்சின் சேதத்தையும் மூன்றாம் லெவலிலிருந்து குறைக்கிறது. ‘மாங்க் எடுக்காதே, வருத்தப்படுவாய்’ என்று புதியவர்களுக்குச் சொல்லிவந்த அறிவுரையை எங்கள் குழுவில் இப்போது யாரும் சொல்வதில்லை.

அதே வெப்பன் மாஸ்டரியைக் கண்டு டிஎம்கள் சலித்துக்கொள்வது ஏன்?

நேரத்தால்தான். ‘டாப்பிள்’ என்ற தன்மை உள்ள மால் (பெருஞ்சுத்தியல்) அல்லது பேட்டில்ஆக்ஸை ஏந்திய ஃபைட்டர் பதினோராம் லெவலில் ஒரு முறைக்கு மூன்று தடவை தாக்குகிறார். ஒவ்வொரு தாக்குதலும் பட்டவுடன் எதிரி விழுகிறானா என்று டிஎம் ஒரு சேவ் (விளைவிலிருந்து தப்பிக்கும் பகடை) உருட்ட வேண்டும். ‘ஆக்‌ஷன் சர்ஜ்’ என்ற ஆற்றலால் அதே முறையில் இன்னொரு தடவை செயல்பட்டால் தாக்குதல் ஆறாகிறது. அதற்குள், முன்பு அடித்த எதிரிகளில் எவனுடைய அடுத்த தாக்குதல் பலவீனமானது, எவனுடைய வேகம் குறைந்தது என்பதையும் யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ‘யாராவது’ டிஎம்மாகவே இருந்துவிடுகிறார்.

இந்தச் சலிப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் மாஸ்டரியை எடுத்துவிடுவது தீர்வாகாது. விளைவை உண்டாக்கியவரே அதை நினைவில் வைத்திருந்து சொல்ல வேண்டும், அவர் மறந்தால் அந்த விளைவு இல்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். சேவ் எண்ணையும் தாக்குகிறவர் முன்கூட்டியே ஷீட்டின் மேல் ஓரத்தில் எழுதி வைக்கிறார்.

பலாடின் ஆட்டக்காரர்களின் கோபம் நியாயமா?

பாதி நியாயம். பழைய விதியில் ‘டிவைன் ஸ்மைட்’ ஒரு கிளாஸ் ஆற்றல். அடி பட்டதும் ஒரு ஸ்லாட்டைச் செலவிட்டுச் சேதத்தைக் கூட்டலாம், ஒரே முறையில் எத்தனை அடி பட்டதோ அத்தனைக்கும் கூட்டலாம். புதிய விதியில் அது ஒரு மந்திரம். அடித்த உடனே போனஸ் ஆக்‌ஷனாக அதைப் பயன்படுத்த வேண்டும்; அந்தக் கூடுதல் செயல் ஒரு முறைக்கு ஒன்றே கிடைக்கும் என்பதால், ஸ்மைட்டும் ஒரு முறைக்கு ஒன்றுதான். மந்திரமாகிவிட்டதால் எதிரி மந்திரவாதி ‘கவுண்டர்ஸ்பெல்’ கொண்டு அதைக் குலைக்கவும் முடியும். பார்பேரியன் லெவலும் சேர்த்து எடுத்தவர்கள் வெறியில் இருக்கும்போது மந்திரம் போட முடியாது என்பதால் அவர்களுடைய பாத்திரமே உடைந்துபோகிறது.

இதற்கு ஈடாக நாள்தோறும் ஒரு ஸ்மைட் ஸ்லாட் செலவில்லாமல் கிடைக்கிறது, வெறுங்கை அடிக்கும் அதைச் சேர்க்கலாம். இரட்டைச் சேதம் விழும் அடி கிடைத்த பிறகு ஸ்மைட்டை அறிவிக்கும் அந்த இன்பமும் பறிபோகவில்லை. எதிர்ப்பவர்களில் பலர் அது போய்விட்டதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே முறையில் ஸ்லாட்டுகளையெல்லாம் கொட்டித் தலைமை அரக்கனை வீழ்த்துவது பலாடினுக்குத் திருவிழா, மற்றவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் வேலை. அதைக் கட்டுப்படுத்தியது சரி. கவுண்டர்ஸ்பெல்லுக்கு இரையாக்கியது தேவையில்லாதது. ஒரு தெய்வத்தின் பெயரால் எடுத்த சபதத்தின் வலிமையை எதிரி ஒரு கையசைப்பில் அணைத்துவிடுவது அந்தப் பாத்திரத்தை ஆடுகிறவரின் மனத்தில் உறைக்கத்தான் செய்யும். எங்கள் ஆட்டங்களில் ஸ்மைட்டைக் குலைக்க விடுவதில்லை.

ரேஞ்சர்?

கிளாஸ் முழுவதையும் ‘ஹண்டர்ஸ் மார்க்’ என்ற, குறித்த எதிரிக்குக் கூடுதல் சேதம் தரும் ஒரே மந்திரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். அதற்குப் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், மனம் குவித்திருக்கவும் வேண்டும்; ஒரே நேரத்தில் ஒரு மந்திரத்தில்தான் மனம் குவிக்க முடியும், ஆகவே மனக்குவிப்பு கேட்கும் மற்ற நல்ல மந்திரங்களோடு அது முட்டிக்கொள்கிறது. இருபதாம் லெவலில் கிடைக்கும் உச்ச வரம் என்னவென்றால், அந்த மந்திரத்தின் ஆறு முகப் பகடை பத்து முகப் பகடையாகிறது. அவ்வளவுதான். ரேஞ்சர் ஆடுகிறவர்களின் புகாரோடு எனக்கு எந்த மாறுபாடும் இல்லை.

என் பாத்திரம் வணிகர் குடும்பத்தில் பிறந்த போர்வீரர். புதிய விதியில் அவர் ஏன் பலவீனமாகிறார்?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் வியப்பில்லை. கொண்டுவிற்கப் போன இடத்தில் வாளெடுக்க நேர்ந்த பாத்திரத்தை உருவாக்க நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய விதியில் திறன் எண்களின் உயர்வு பாத்திரத்தின் ரேஸிலிருந்து, அதாவது இனத்திலிருந்து, வந்தது. ட்வார்ஃப் என்றால் உடலுறுதி, எல்ஃப் என்றால் லாகவம் என்று பிறப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. ஓர் இனம் முழுவதற்கும் ஒரே தகுதியை ஒட்டுவது சரியல்ல என்ற விமர்சனம் நெடுநாளாக இருந்தது. 2020-இல் வந்த துணைப் புத்தகம் ஒன்று அந்த உயர்வை விரும்பிய திறனில் வைத்துக்கொள்ள அனுமதித்தது. புதிய விதி ரேஸை ஸ்பீசீஸ் என்று பெயர் மாற்றி, திறன் உயர்வைப் பாத்திரத்தின் பின்னணிக்கு மாற்றியிருக்கிறது. மொத்தம் 16 பின்னணிகள். ஒவ்வொன்றும் மூன்று திறன்களைக் காட்டும். அவற்றில் ஒன்றை 2, மற்றொன்றை 1 என உயர்த்தலாம், அல்லது மூன்றையும் 1 உயர்த்தலாம். ஒவ்வொரு பின்னணியோடும் ஒரு ‘ஃபீட்’ (சிறப்புத் திறமை) ஒட்டியிருக்கிறது.

சிக்கல் அங்கேதான். மெர்ச்சன்ட் பின்னணி தருவது உடலுறுதி, அறிவு, வசீகரம் ஆகிய மூன்றும், ‘லக்கி’ என்ற ஃபீட்டும். உடல் வலிமை பட்டியலில் இல்லை. வலிமை வேண்டுமென்றால் சோல்ஜர், ஃபார்மர் போன்ற வேறு பின்னணியை எடுத்திருக்க வேண்டும். பிறப்பிலிருந்து கழற்றிய விலங்கை வளர்ப்பில் மாட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார், எனக்கு அதில் ஒப்புதல் உண்டு. பின்னணி என்பது கதைக்காக இருந்தது. இப்போது எண்ணுக்காகத் தேடப்படுகிறது, ஆகவே வரும் ஃபைட்டர்கள் எல்லாரும் பழைய படைவீரர்களாகவே வருகிறார்கள்.

தீர்வு இருக்கிறது. டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் புதிய பின்னணிகளை உருவாக்க டிஎம்முக்கு வழி சொல்கிறது. மூன்று திறன்களையும் ஒரு ஃபீட்டையும், அவற்றோடு பயிற்சிகளையும் உடைமைகளையும் தேர்ந்து கொடுத்தால் போதும். பர்மாவுக்குப் போய்வந்த கொண்டுவிற்பவர் ஒருவரின் பின்னணியை வலிமை, அறிவு, வசீகரம் என்று எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஆட்டக்காரருக்கே உரியதாக இருந்திருக்க வேண்டிய இந்த அனுமதியை டிஎம்மின் புத்தகத்தில் வைத்ததுதான் குறை.

ஹாஃப்-எல்ஃப் எங்கே போனது?

புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் உள்ள பத்து ஸ்பீசீஸ்களில், பாதி மனிதராகப் பிறந்த ஹாஃப்-எல்ஃபும் ஹாஃப்-ஆர்க்கும் இல்லை. ஆர்க், ஆசிமார், கோலியத் ஆகியவை சேர்ந்திருக்கின்றன. இரண்டு உலகங்களுக்கு இடையில் வளர்ந்த பாத்திரத்தை விரும்பி ஆடியவர்களுக்கு இது வருத்தம் தந்தது. பழைய புத்தகத்திலிருக்கும் ஹாஃப்-எல்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள், திறன் உயர்வை மட்டும் பின்னணியிலிருந்து பெறுங்கள்.

ஒளிந்துகொள்ளும் விதியைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

ஏனென்றால் அது சரியாக எழுதப்படவில்லை.

பழைய விதியில் ஒருவர் ஒளிந்திருக்கிறாரா என்பதைப் பெரும்பாலும் டிஎம் சூழ்நிலையைப் பார்த்துத் தீர்மானித்தார். ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறியது, அது குறையாகவே பேசப்பட்டது. புதிய விதி உறுதியான படிகளைத் தருகிறது. அடர்ந்த மறைவிலோ, முக்கால் பங்கு அல்லது முழு மறைப்புக்குப் பின்னாலோ, எதிரியின் பார்வைக்கு வெளியே இருக்க வேண்டும். ஒளிவுச் சோதனையில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். எடுத்தால் ‘இன்விசிபிள்’ என்ற நிலை கிடைக்கும். கிசுகிசுப்பை விடப் பெரிய சத்தம் எழுப்பினாலோ, எதிரி கண்டுபிடித்தாலோ, தாக்குதலுக்குப் பகடை உருட்டினாலோ, வாய்விட்டு ஓதும் மந்திரத்தைப் போட்டாலோ அந்த நிலை முடியும்.

தூணுக்குப் பின்னால் ஒளிந்த ரோக், பிறகு வெட்டவெளி வளவின் நடுவில் நடந்துபோனால் என்ன ஆகும்? மறைவை விட்டு வெளியே வந்தால் நிலை முடியும் என்று விதி நேரடியாகச் சொல்லவில்லை. எதிரி கண்டுபிடித்தால் முடியும் என்பதில், கண்ணெதிரே நிற்பவனைப் பார்ப்பதும் கண்டுபிடிப்பதுதான் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். கண்டுபிடிக்க எதிரி பகடை உருட்டியே ஆக வேண்டும் என்று மறுசாரார் வாதிடுகிறார்கள். மரத்தூண் ஒன்றுக்குப் பின்னால் போய் வெளியே வந்தவர் சாப்பாட்டு நேரம் வரை யார் கண்ணுக்கும் தெரியமாட்டார் என்பதை நான் ஏற்கமாட்டேன். தாக்கப்போகும் அந்த ஒரு முறை முடியும்வரை மறைவை விட்டு வெளியே வந்து நகரலாம், முறையின் முடிவில் திறந்தவெளியில் நின்றால் நிலை கலைந்துவிடும். எங்கள் குழுவில் இப்படித்தான் ஆடுகிறோம், ரோக் ஆடுகிறவர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

டிஎம்மின் தீர்ப்பை விதியாக்கும்போது விதி முழுமையாக இருக்க வேண்டும். அரைகுறையாக இருந்தால், முன்பு ஒருவரிடம் கேட்டுத் தீர்ந்துபோன கேள்வி இப்போது எல்லாருடைய வழக்காகிவிடுகிறது.

எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்றங்கள் உண்டா?

உண்டு, அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. களைப்பு விதியில் ஆறு படிகளுக்கும் ஆறு வெவ்வேறு விளைவுகள் இருந்தன. இப்போது ஒவ்வொரு படிக்கும் இருபது முகப் பகடை உருட்டலில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும், ஆறாவது படியில் இறப்பு. எதிர்பாராத தாக்குதலுக்கு ஆளானவர் ஒரு முறையை முழுவதுமாக இழந்த நிலை போய், யார் முதலில் ஆடுவது என்ற வரிசை எண்ணை உருட்டும்போது மட்டும் பாதகம் பெறுகிறார். குணமாக்கும் மருந்தைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம். பல குழுக்கள் சொந்த விதியாகவே இதை வைத்திருந்தன. புத்தகத்தின் பின்னால் விதிச்சொற்கள் அகரவரிசையில் தொகுக்கப்பட்டிருப்பதால், பேச்செல்லாம் தமிழிலும் விதிச்சொல் மட்டும் ஆங்கிலத்திலுமாக ஆடும் எங்களைப் போன்றவர்களுக்குத் தேடும் வேலை பாதியாகியிருக்கிறது.

மந்திரவாதிகள் இழந்தது என்ன?

கூட்டத்தை வரவழைக்கும் மந்திரங்களை இழந்தார்கள். ‘கன்ஜூர் அனிமல்ஸ்’ முன்பு எட்டு ஓநாய்கள் வரை களத்தில் இறக்கியது. எட்டுக்கும் தனித்தனியே பகடை உருட்டி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். இப்போது அது ஆவி வடிவக் கூட்டம் ஒன்றாக மந்திரவாதியோடு நகர்ந்து, அருகே வரும் எதிரிகளுக்குச் சேதம் தருகிறது. வேகம் கூடியிருக்கிறது. ஆனால் வரவழைத்த ஓநாயைத் தூது அனுப்பவும் பாலத்தில் காவல் நிறுத்தவும் பயன்படுத்தியவர்களுக்கு அந்த விளையாட்டுத்தனம் போய்விட்டது, அது உண்மையான இழப்பு.

கவுண்டர்ஸ்பெல்லில் எனக்குப் புதிய விதியே பிடித்திருக்கிறது. முன்பு மூன்றாம் லெவல் வரையான மந்திரங்களைத் தானாகவே அது அழித்துவிடும். இப்போது மந்திரம் போடுகிறவருக்கு உடலுறுதிச் சேவ் உண்டு. அதில் தோற்றாலும் அவருடைய ஸ்லாட் வீணாவதில்லை.

அரக்கர்கள் கடுமையாகிவிட்டார்களா?

பலர் அப்படித்தான் உணர்கிறார்கள். ஓநாய் கடித்தால் வலிமைச் சேவ் உருட்டி நிற்கப் பார்த்த காலம் போய், நடுத்தர உருவம் கொண்டவர் கடிபட்டாலே விழுந்துவிடுகிறார். இது டிஎம்மின் வேலையைக் குறைக்கிறது, தப்பிக்க உருட்டும் வாய்ப்பை ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மறுபுறம் ‘கியூர் வூண்ட்ஸ்’ ஓர் எட்டு முகப் பகடைக்குப் பதில் இரண்டு பகடை அளவுக்குக் குணமாக்குகிறது. இரண்டு பக்கமும் ஏறியிருப்பதால், புதிய அரக்கர்களோடு பழைய பாத்திரங்களை மோதவிடும்போது மட்டும் டிஎம் கவனமாக இருக்க வேண்டும்.

பாஸ்டியன் விதிகளை எங்கள் குழுவினர் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்?

ஐந்தாம் லெவலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘பாஸ்டியன்’ என்று சொந்தமாக ஒரு கோட்டையோ வீடோ கிடைக்கும் என்கிறது புதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட். படுக்கையறை, முற்றம், சமையலறை, சரக்கறை போன்ற சாதாரணப் பகுதிகளையும், பட்டறை, நூலகம், கிடங்கு போன்ற சிறப்புப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்து வரையலாம். ஆட்ட உலகில் ஏழு நாளைக்கு ஒரு முறை அங்குள்ளவர்களுக்குக் கட்டளையிடலாம்: பொருள் செய்யலாம், ஆராயலாம், ஆளெடுக்கலாம், வாணிபம் பார்க்கலாம்.

வேறு ஊர்களில் இதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே நிலைமை வேறு. கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவரிடம் ஒரு கட்டத்தாளைக் கொடுத்து வீடு வரையச் சொன்னால், ஆத்தங்குடிக் கல்லின் பூ வரை வரைந்துவிட்டுத்தான் நிமிர்கிறார். கிடங்கை அமைத்துச் சரக்கு வாங்கி லாபத்துக்கு விற்கும் கட்டளையைத்தான் அநேகமாக எல்லாரும் முதலில் கொடுக்கிறார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். சாகசத்தில் இருப்பவர்களின் கதையோடு பாஸ்டியன் தானாகச் சேர்வதில்லை. வரைந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளியையோ கடன்காரனையோ டிஎம் அனுப்பி வைத்தால்தான் அது ஆட்டத்தின் பகுதியாகிறது.

ஒரே ஆட்டத்தில் இரண்டு விதிகளின் ஷீட்டுகளும் இருக்கலாமா?

இருக்கலாம். பழைய சாகசப் புத்தகங்களைப் புதிய விதியோடு ஆடலாம் என்பது பதிப்பாளரே சொல்வது, பெரும்பாலும் உண்மையும்கூட. கவனிக்க வேண்டியவை சில. புதிய விதியில் எல்லாக் கிளாஸ்களுக்கும் துணைக்கிளாஸ் மூன்றாம் லெவலில்தான் வருகிறது. ஆகவே பழைய புத்தகத்தில் முதல் அல்லது இரண்டாம் லெவலில் தொடங்கும் துணைக்கிளாஸைப் புதிய கிளாஸோடு சேர்த்தால், அந்த வரங்களும் மூன்றாம் லெவலில்தான் கிடைக்கும். ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ போல, குறியில் 5 குறைத்துச் சேதத்தில் 10 கூட்டிய பழைய ஃபீட்டையும் புதிய மாஸ்டரியையும் ஒரே பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மந்திரம் இரண்டு புத்தகத்திலும் இருந்தால், மேசையில் உள்ள எல்லாருக்கும் ஒரே வடிவம்.

தாயம் ஆட உட்காரும்போது ஒரு வெட்டாவது வெட்டாமல் காயை உள்ளே ஏற்றலாமா கூடாதா என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம் அல்லவா? வீட்டுக்கு வீடு அது வேறுபடும் என்று தெரிந்ததால்தான் கேட்கிறோம். இங்கும் அப்படியே: ஒளிதல், ஸ்மைட், பின்னணி, வரவழைக்கும் மந்திரம் ஆகிய நான்கையும் பகடையை எடுப்பதற்கு முன் பேசி முடிக்கவும்.

புத்தகம் வாங்க வசதியில்லை. என்ன செய்வது?

பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அமெரிக்க விலை 49.99 டாலர், கல்லூரி மாணவருக்கு அது பெரிய தொகை. வாங்கத் தேவையில்லை. புதிய விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. பன்னிரண்டு கிளாஸ்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்கிளாஸும் அதில் உண்டு. அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம், தமிழில் எழுதிப் பிறருக்குக் கொடுக்கவும் மூலத்தைக் குறிப்பிட்டால் உரிமம் இடம் தருகிறது.

திருத்தம் பிடிக்காதவர்கள் எங்கே போனார்கள்?

பலர் எங்கும் போகவில்லை, 2014 புத்தகத்திலேயே ஆடுகிறார்கள். சிலர் 2023-இல் திருத்தப்பட்ட, பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்குப் போனார்கள். ஐந்தாம் பதிப்பின் சாயலை விடாமல் வேறு பதிப்பாளரிடம் போக விரும்பியவர்களுக்கு 2024-இல் ‘டேல்ஸ் ஆஃப் தி வேலியன்ட்’ வந்தது. எண் கணக்கைக் குறைத்துக் கதையைக் கூட்ட விரும்புபவர்கள் 2025-இல் வந்த ‘டேகர்ஹார்ட்’டை ஆடிப் பார்க்கிறார்கள்.

நடந்துகொண்டிருக்கும் கேம்பெயினை (தொடர் ஆட்டத்தை) இடையில் புதிய விதிக்கு மாற்றலாமா?

கதை ஓர் ஊரிலோ ஓய்விலோ நிற்கும்போது மாற்றலாம். நிலவறையின் நடுவில் வேண்டாம். எல்லாரும் ஒன்றாக மாறுவது நல்லது. ஆனால் பலாடினையும், விலங்குகளை வரவழைத்தே ஆடிவந்த ட்ரூயிடையும் வற்புறுத்தாதீர்கள். அந்த இரண்டு பாத்திரங்களும் மாற்றத்துக்குப் பிறகு வேறு ஆள்களாகிவிடுகின்றன. அவர்கள் பழைய ஷீட்டோடு கேம்பெயினை முடிக்கட்டும். மாறுகிறவர்கள் ஆட்ட நாளுக்கு முன்பே புதிய ஷீட்டை எழுதி டிஎம்மிடம் காட்ட வேண்டும். ஆயுதம் ஏந்துபவர்கள் தங்கள் மாஸ்டரியின் பெயரையும் சேவ் எண்ணையும் மேல் ஓரத்தில் பெரிதாக எழுதவும், பென்சிலில் எழுதினால் நல்லது.